ஹாலே நகரில் கண்ட ஓலை

வெளிநாடு சென்று திரும்புகிறவர்கள் நமது பத்திரிகைக்கு ஒரு பிரயாணக் கட்டுரை எழுதித் தருவது வழக்கமாகிவிட்டது. நானும் என் மனைவியும் ஜெர்மனியிலிருந்து திரும்பிய மறு வாரமே ஆசிரியர் வீடு தேடி வந்து நினைவூட்டினார். ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று சொல்லியே ஆறு மாதங்களைக் கழித்துவிட்டேன். எழுத விஷயம் இல்லாமல் அன்று. விஷயத்தை எழுதினால் என்னுடைய குறை ஒன்றையும் கூடவே எழுதியாக வேண்டும். நாகபுரியில் ஐம்பது ஆண்டுகளாக என்னை அறிந்த அன்பர்கள் படிக்கும் பத்திரிகையில் அதை எழுதுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டியிருந்தது.

என் மகன் லைப்ஸிக் நகரில் உத்தியோகம் பார்க்கிறான். மருமகள் மராட்டியப் பெண். அவ்வூர் மருத்துவமனை ஒன்றில் பணி செய்கிறாள். பேத்திக்கு வயது பத்து. அவள் தாயிடம் மராட்டியும், பள்ளியில் ஜெர்மனும், எங்களிடம் தமிழும் பேசுவாள். அவளுடைய தமிழில் எல்லோரும் ஆண்பாலாகி விடுவார்கள். ‘பாட்டி குளிக்கப் போனான்’ என்பாள். கேட்கக் கேட்க ஆனந்தமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை எங்களை எங்கேனும் அழைத்துச் செல்வதாக மகன் சொன்னான். பெர்லின் போகலாமா, டிரெஸ்டன் போகலாமா என்று கேட்டான். நான் ஹாலே போகவேண்டும் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஹாலேயில் என்ன அப்பா இருக்கிறது? அது வண்டி மாறுகிற ஊர்” என்றான். லைப்ஸிக்கிலிருந்து அது புறநகர் ரயிலில் ஏறக்குறைய அரைமணிப் பிரயாணம். அருகில் இருக்கும் ஊரை யார் மதிக்கிறார்கள்? நாகபுரியில் இருக்கும் நாம் ராம்டேக் மலைக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்?

நான் ஹாலேயைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் சொந்த ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக் கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் தமிழ் நூல்களை அச்சிட்டார் என்றும், அதற்கான ஈய எழுத்துகள் ‘ஹாலே’ என்னும் ஊரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தன என்றும் பள்ளியில் எங்கள் சரித்திர ஆசிரியர் சொல்லியிருந்தார். பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட பெயர் அது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் லைப்ஸிக் ரயில் நிலையத்தில் மின்சார எழுத்துகளில் அந்தப் பெயர் ஓடியபோது, நெடுநாள் காணாத பால்ய நண்பனைக் கூட்டத்தில் கண்டாற்போல் இருந்தது.

ஹாலே சுமார் 2,40,000 மக்கள் வாழும் நகரம். பெரிய நகரமென்றும் சொல்ல முடியாது. சிற்றூர் என்று தள்ளவும் முடியாது. ஸாலே என்னும் ஆற்றின் கரையில் இருக்கிறது. 1945ஆம் ஆண்டு யுத்தம் முடியும் தறுவாயில் அண்டை நகரங்கள் பல மண்ணோடு மண்ணாயின. இந்நகரின் பெரும்பகுதி தப்பிவிட்டது. ஆகவே பழைய ஊர் பழைய ஊராகவே இருக்கிறது. பின்னர் 1990 வரையில் இது கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. அக்காலத்தில் பழுது பார்க்காமல் விட்ட வீடுகள் சில இன்னும் காரை பெயர்ந்து நிற்பதைச் சந்துகளில் கண்டேன். அவை எனக்கு அருவருப்பாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கும் ஊரில் மனிதன் இருக்கிறானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

ரயில் நிலையத்திலிருந்து கடைவீதி வழியே நடந்தால், வண்டிகள் நுழையாத அகன்ற தெரு நேரே சந்தைச் சதுக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே ஐந்து கோபுரங்கள் தெரிகின்றன. தனியாக நிற்பது ‘செங்கோபுரம்’. உயரம் 84 மீட்டர். அதில் 76 மணிகள் இருக்கின்றன. மற்ற நான்கும் சந்தை மாதாகோவிலுக்கு உரியவை. ஒரு கோவிலுக்கு நான்கு கோபுரம் ஏன் என்று கேட்டால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு அவ்விடத்தில் ஒன்றன் எதிரே ஒன்றாக இரண்டு கோவில்கள் இருந்தன. 1529ஆம் ஆண்டு முதல் அவற்றின் உடற்பகுதியை இடித்துவிட்டு, கோபுரங்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, நடுவே ஒரே கோவிலாகக் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கத்துக் கோபுரங்கள் கூர்மையாகவும், மறு பக்கத்தவை தலைப்பாகை அணிந்தாற்போலவும் இருப்பதன் ரகசியம் இதுதான். மார்ட்டின் லூதர் இங்கே உபதேசம் செய்திருக்கிறார். 1546இல் அவர் காலமானபோது எடுத்த முகத்தின் அச்சையும் இங்கே காக்கிறார்கள். இசைமேதை ஹாண்டல் 1685இல் பிறந்தது இவ்வூரில். ஞானஸ்நானம் பெற்றது இக்கோவிலில். சதுக்கத்தின் நடுவே அவருடைய சிலை நிற்கிறது. பேத்தி சிலையைவிட அதன்மேல் உட்கார்ந்திருந்த புறாவை அதிகமாக ரசித்தாள்.

ஊருக்குச் செல்வம் தந்தது உப்பு. ‘ஹாலே’ என்ற பெயரே உப்பைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பர். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. பூமிக்குள்ளிருந்து ஊறும் உப்பு நீரைக் கிணறுகளில் இறைத்து, பெரிய இரும்புக் கொப்பரைகளில் விறகிட்டுக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். வேதாரண்யத்தில் சூரியன் கூலியில்லாமல் செய்து தருகிற வேலைக்கு இவர்கள் காடு காடாக விறகை எரித்திருக்கிறார்கள்! அந்த உப்புத் தொழிலாளர் ‘ஹல்லோரர்’ எனப்படுவர். திருவிழாக் காலத்தில் உருண்டை வெள்ளிப் பொத்தான்கள் வைத்த அங்கி அணிவது அவர்கள் வழக்கம். அப்பொத்தான்களின் வடிவில் சாக்லேட் உருண்டை செய்து விற்கும் தொழிற்சாலை ஒன்று 1804 முதல் இவ்வூரில் நடந்துவருகிறது. ஒரு பெட்டி வாங்கினோம். அது மாலை வரையில் தாக்குப் பிடிக்கவில்லை.

சந்தைச் சதுக்கத்திலிருந்து சற்றுத் தெற்கே நடந்தால் பிராங்கே அறநிலையம் வருகிறது. அதை ஒட்டியே ஒரு மேம்பாலச் சாலையைக் கிழக்கு ஜெர்மானிய அரசாங்கம் கட்டிவிட்டது. பாலத்தின் இரைச்சலைக் கடந்து வாயிலுக்குள் நுழைந்ததும் நீண்ட முற்றம். இரு பக்கமும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய நெடிய உயர்ந்த கட்டடங்கள். ஒன்றின் நீளம் நூறு மீட்டருக்கு மேல், மாடிகள் ஆறு. நம் பக்கத்து அக்கிரகாரம் ஒன்றை எடுத்து நிமிர்த்தி அடுக்கி வைத்தாற்போல் இருக்கிறது.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் 1695ஆம் ஆண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். உண்டியலில் யாரோ இட்ட நான்கு தாலரும் சில்லறையுமே முதல். அதிலிருந்து அநாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்துச் சாலை, நூல்நிலையம் என்று ஒரு சிறு நகரமே எழுந்துவிட்டது. ஹாலே சர்வகலாசாலையில் சிறிது காலம் படித்தவர்தான் நம் சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அவரையும், ஹென்றி புளுட்சோ என்பவரையும் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். 1706 ஜூலை 9இல் அவர்கள் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை.

அநாதை இல்லத்தின் உச்சி மாடியில் ‘அதிசயப் பொருள் அறை’ என்று ஒன்று இருக்கிறது. படிகளைப் பார்த்ததும் என் மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூவரும் ஏறினோம். உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த பொருள்களைப் பிள்ளைகளின் கல்விக்காக முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சேகரிக்கத் தொடங்கிய இடம் அது. சிப்பிகள், பறவை முட்டைகள், பதப்படுத்திய பிராணிகள் ஆகியவை வண்ணம் தீட்டிய பழைய அலமாரிகளிலேயே இருக்கின்றன. விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. பேத்தி முதலையின் கீழேயே நின்றுவிட்டாள்.

நான் எழுத்துகள் உள்ள அலமாரியைத் தேடிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய வெளிச்சத்தில், ஓலைச்சுவடி இருந்தது. தமிழ்.

அந்தக் கணத்தை என்னால் விவரிக்க முடியவில்லை, முயலவும் போவதில்லை. “இங்கே வா, இங்கே வா” என்று மகனைச் சற்று உரக்கவே கூப்பிட்டுவிட்டேன். அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர், வயது அறுபது இருக்கும், என் குரல் கேட்டு அருகில் வந்தார். மகனிடம் ஜெர்மனில் ஏதோ வினவினார். அவன் பதில் சொல்லிவிட்டு என்னைச் சுட்டிக் காட்டினான். அவர் முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

“என்ன கேட்கிறார்?” என்றேன்.

“இது எங்கள் மொழியா, படிக்கத் தெரியுமா என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னேன். படியுங்கள் அப்பா.”

அவன் அதைச் சொன்ன விதத்தில் எவ்வளவு பெருமை இருந்தது! நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

ஓலையைப் படித்துப் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை கிடையாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுவதில்லை. இவையெல்லாம் தமிழ்ப் புலவர்களுக்கும் சுவடி ஆராய்வோர்க்கும் வெளிச்சம். நான் ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். முதல் வரியை இரண்டு முறை பார்த்தேன். ‘என்று’ என ஒரு சொல் பிடிபட்டது, அதுவும் ஊகம்தான். மற்றவை கண்ணெதிரே எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தன. எழுத்துகள் தெரிந்தவை, சொற்கள் தெரியவில்லை. அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். என் மகனும் காத்திருந்தான்.

“படிக்க முடியவில்லையப்பா” என்றேன்.

அவன் அந்த அம்மாளிடம் அதை எப்படிச் சொன்னானோ, அறியேன். அவர் ஆறுதலாகத் தலையசைத்தார்; தம் நாட்டுப் பழைய கையெழுத்தும் இக்காலத்தவர்க்குப் புரிவதில்லை என்றாராம்.

கீழே இறங்கி வந்து எலுமிச்சை இன மரங்களைப் போல் மணம் வீசும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். லிண்டன் மரம் என்றான் மகன். மனைவி தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். பொறையாற்றில் ‘கடுதாசிப் பட்டறை’ என்று ஓர் இடம் இருக்கிறது என்பதை அப்போது அவர்களுக்குச் சொன்னேன். பிள்ளைப் பிராயத்தில் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். கடுதாசி இல்லாத இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஹாலேயில் தமிழறியாத தொழிலாளிகள், வரைந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்து வார்த்த எழுத்துகள் அளவில் பெரியவை. அவை கடுதாசியை விழுங்கின. எனவே தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள் என்பது கர்ணபரம்பரை. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பின்னர் கடுதாசிக்கென்று பொறையாற்றில் ஓர் ஆலையே வைத்தார்கள். தமிழ் எழுத்தில் முதல் அச்சுநூல் அதற்கு வெகுகாலம் முன்பே, 1578இல், கொல்லத்தில் வந்துவிட்டது என்பதையும் மறக்கக்கூடாது. எனினும் எங்கள் ஊர்ப் பட்டறை எங்கள் ஊர்ப் பட்டறைதானே!

சீகன்பால்கு வந்தது தம் சமயத்தைப் பரப்ப. நான் வேறு சமயத்தவன். அதைப் பற்றி எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அம்மனிதர் தமிழ் கற்ற விதத்தை எண்ணினால் கை கூப்பத் தோன்றுகிறது. ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் ‘அ’ எழுதினார். வந்து இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் சேகரித்த தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை எழுதினார். அதில் தமிழர் இயற்றிய 119 நூல்கள் இருந்தன. அந்த ஆண்டின் இறுதியில் டேனிஷ் அதிகாரி அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார். நான் சிறுவனாக ஓடி விளையாடிய அதே கோட்டை. 1714இல் மலையப்பன் என்ற தமிழ் இளைஞனையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, கப்பலிலேயே தமிழ் இலக்கணம் ஒன்றை லத்தீனில் எழுதினார். அது 1716இல் இதே ஹாலேயில் அச்சாயிற்று. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதியனுப்பிய நூலுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்று பிராங்கே நிறுத்திவிட்டார். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. சீகன்பால்கு அதற்கு வெகு முன்பே, 1719இல், முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியில் மறைந்துவிட்டார்.

பேத்தி முழுவதையும் கேட்டுவிட்டு, “அவர் பெரியவன்தானே, தாத்தா? மணலில் எழுதினால் பிள்ளைகள் சிரிக்கவில்லையா?” என்றாள்.

“சிரித்திருப்பார்கள்” என்றேன்.

என் மகன் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “அப்பா, சங்கத்தில் தமிழ் வகுப்பு நடந்ததே, என்னை ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்டான். குறை கூறும் தொனி இல்லை. அறிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டான்.

இதுதான் நான் எழுதத் தயங்கிய விஷயம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏழாண்டுக் காலம் நான் பொறுப்பாளனாக இருந்தேன். வீடு வீடாகச் சென்று, ‘பிள்ளைகளை அனுப்புங்கள், தாய்மொழி எழுதப் படிக்கத் தெரியாமல் வளரலாமா?’ என்று மன்றாடியிருக்கிறேன். இதைப் படிக்கும் பலர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி அருந்திவிட்டு அவ்வாறு பேசியிருக்கிறேன். வகுப்பு காலை பத்து மணிக்கு. அதே பத்து மணிக்கு என் மகன் கணக்கு டியூஷனுக்குப் போவான். யாரேனும் கேட்டால், ‘அவனுக்கு வீட்டிலேயே சொல்லித் தருகிறேன்’ என்பேன். சொல்லித் தரவில்லை. முதலில் எட்டாம் வகுப்பு முடியட்டும் என்றேன். பிறகு பத்தாம் வகுப்பு. பிறகு நுழைவுத் தேர்வு. அதன்பின் அவன் வீட்டில் இல்லை.

“கணக்கு முக்கியமாகத் தோன்றிற்று” என்றேன்.

“கணக்கு உதவத்தான் செய்தது” என்றான் அவன். உண்மைதான். கணக்கு இல்லாவிட்டால் அவன் லைப்ஸிக் வந்திருக்க மாட்டான். நானும் ஹாலேயைக் கண்டிருக்க மாட்டேன். ஆனால் கண்ணாடிக்கு இப்புறம் அவன் என்னைச் சுட்டிக் காட்டி நின்றானே, அந்தக் காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. ‘என் அப்பாவுக்குத் தெரியும்.’ மொழி எங்கள் வீட்டில் எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதை அவன் தன்னையறியாமல் ஓர் அந்நிய அம்மாளிடம் சொல்லிவிட்டான்.

அதன்பின் பழைய நூல்நிலையத்தையும் பார்த்தோம். நாடக மேடையின் பக்கத் திரைகளைப்போல் அலமாரிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1728இல் கட்டி முடித்தது. அழகான இடம், ஆனால் என் மனம் அதில் ஒன்றவில்லை. நெப்ரா என்னுமிடத்தில் 1999இல் கண்டெடுத்த, சுமார் 3,600 ஆண்டுப் பழமையான வான்மண்டலத் தகடு இவ்வூர்ப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது, நேரமாகிவிட்டதால் பார்க்கவில்லை. அன்பர்கள் யாரேனும் அப்பக்கம் சென்றால் அதற்கென்று அரைநாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காலணி கெட்டியாக இருக்கட்டும். தெருவெல்லாம் கருங்கல் பாவியது.

திரும்பும் ரயிலில் பேத்தி என் சட்டைப் பையிலிருந்த நுழைவுச் சீட்டை எடுத்து, பின்புறத்தைத் திருப்பி, “எழுது தாத்தா” என்றாள். ‘அ’ எழுதினேன். பார்த்து எழுதினாள். ‘ஆ’, ‘இ’ ஆயின. ‘ஈ’ எழுதி இரண்டு புள்ளிகளையும் வைத்ததும் அவளுக்கு ஒரே குதூகலம். “இதற்கு எங்கள் ஜெர்மன் எழுத்துபோல் தலையில் புள்ளி இருக்கிறான்!” என்றாள். ‘உ’ தொடங்குவதற்குள் லைப்ஸிக் வந்துவிட்டது.

இப்போது ஞாயிறுதோறும் கைப்பேசியில் பாடம் நடக்கிறது. நம் ஊர்க் கணக்கில் பிற்பகல் இரண்டு மணி. உயிரெழுத்து முடிந்து ‘ங’வில் நிற்கிறாள்; அந்த எழுத்தின்மேல் அவளுக்குத் தாங்க முடியாத கோபம். சென்ற வாரம் மருமகள், எழுதிய தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். மேல் வரிசை பேத்தி எழுதியது. கீழே இன்னொரு வரிசை இருந்தது. அது என் மகன் எழுதியதாம். மேல் வரிசையைவிடக் கோணலாக இருக்கிறது.